நாற்பது நிமிடம்

பன்னிரண்டு நாற்பதுக்கு பஸ் வரும்.
முப்பத்தெட்டுத் தட்டு, அதில் ஆறு சைவம்,
ஒருவருக்கு வால்நட் ஆகாது.
டிரைவர் ஓமாரி முந்தின இரவே போனில் சொல்லிவிடுவான்.
கொடி பிடித்த பெண் முன்னால் வருவாள்.
பின்னால் வருபவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை,
அப்புறம் வைஃபை,
எல்லாம் முடிந்தபின்
இந்த ஊருக்கு என்ன பெயர்.

பதினோரு வருடமாகச் சமைத்துப் போடுகிறேன்.
கின்காலியைக் கத்தியால் வெட்டாதீர்கள்,
சாறு ஓடிவிடும் என்று
கைடு சொல்லி முடிப்பதற்குள்
பாதிப் பேர் வெட்டியிருப்பார்கள்.
ஒன்று இருபதுக்கு பஸ் போய்விடும்.
மேஜைமேல் ஒரு தொப்பி, ஒரு மூக்குக்கண்ணாடி,
ஒருமுறை ஒரு பல்செட்டு.
இரண்டு மாதம் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
யாரும் தேடி வரவில்லை.

தனியாக வருகிறவர்களும் உண்டு.
போன மே மாதம் ஒரு ஜோடி,
கடைசி மர்ஷ்ருட்காவைத் தவறவிட்டு
மழையில் நடந்தே வந்தார்கள்.
என் அடுப்படியில் அவர்களுடைய சாக்ஸ் காய்ந்தது.
அவள் அழுதுகொண்டிருந்தாள்.
அவன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தப்பு காகிதத்தில் இருப்பது போல.
மறுநாள் காலை அவள் என்னோடு மாவு பிசைந்தாள்.
பத்தொன்பது மடிப்பு வேண்டும் என்று விரல்விட்டுக் காட்டினேன்.
அவளுக்கு ஏழுதான் வந்தது.
அதை யாருக்கும் வைக்க மனம் வரவில்லை,
நானே தின்றேன்.

இப்போது எங்கள் முறை.
ஐம்பத்து மூன்று வயதில் முதல் பாஸ்போர்ட்.
படத்தில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறேன்.
தெலாவி ஏஜென்சியிலிருந்து
நுக்சார் வழவழப்பான தாள் ஒன்று கொண்டுவந்தான்.
இஸ்தான்புல், ஐந்து நாள், ஒன்பது இடம்,
காலையும் இரவும் சாப்பாடு சேர்த்து.
"பணத்தைக் கட்டினால் போதும் லமாரா,
கண்ணை மூடிக்கொண்டு போய் வரலாம்."
கண்ணை மூடிக்கொள்ளவா
அவ்வளவு தூரம் போவது என்றேன்.

"துருக்கியில் உனக்கு என்ன தெரியும்?"
மூன்று சொல் தெரியும்.
ரொட்டி, தண்ணீர், எவ்வளவு.
பஸ்காரர்களின் ஜெர்மனில் எனக்குத் தெரிந்ததும்
இவ்வளவுதான்,
அதை வைத்துத்தானே வீட்டுக்கு ஓடு மாற்றினோம்.

மாவுப் பையைக் கிழித்து
அதன் பின்பக்கம் நானே வழி எழுதினேன்.
பத்தூமி வரை ரயில்.
எல்லையை நடந்தே தாண்டலாம்.
அப்புறம் கடலை ஒட்டியே போகும் பஸ்.
எங்கே படுப்பது?
தெரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறி போட்டேன்.
நுக்சார் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.
"நாலு. ஒரு கேள்விக்குறிக்கு என்ன விலை?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.
வெகுநேரம் கழித்து விளக்கை அணைத்தபின் சொன்னான்:
"பஸ் கிளம்புமுன் அந்தப் பெண் தலை எண்ணுவாள், பார்த்திருக்கிறாயா?
ஒன்று குறைந்தால் பஸ் நகராது.
என்னை ஒருமுறையாவது
யாராவது அப்படி எண்ணவேண்டும்."

முப்பது வருடம் ரயில்வே கிடங்கில்
மூட்டை எண்ணியவன்.
இதற்கு என்ன பதில் சொல்ல.
காலையில் போய்ப் பணம் கட்டினோம்,
ஜன்னலோரம் இரண்டு சீட்டு.

மாவுப் பைத் தாளை மட்டும்
பெட்டியின் அடியில் போட்டிருக்கிறேன்.
மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு
வழியில் ஏதோ ஓர் ஊரில்.
ஊர்ப் பெயர் தாளில் இல்லை.
நாற்பது நிமிடம் என்று கொடிக்காரி சொன்னதும்
நான் புகை வருகிற பக்கம் போவேன்.
உள்ளே ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்,
இடுப்பில் ஈரத்துணி, கண் கடிகாரத்தின்மேல்.
கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.
ரொட்டி என்பேன்.

வெளியே ஹாரன் அடிக்கும்.
முப்பத்தேழு, முப்பத்தேழு என்று
நுக்சார் எண்ணிக்கொண்டிருக்கட்டும்.